டேப்பட் கவர் பேக்கிங்: குலசேகரத்தில் நான் கண்டது

கார் எஞ்சினில் ஆயில் கசிவு பற்றி ஆளாளுக்குச் சொல்வதைப் பார்த்து என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். என்னுடையது 11 வருடம் ஓடிய பெட்ரோல் ஸ்விஃப்ட். போன மழைக்காலத்தில் மார்த்தாண்டம் நெரிசலில் நிற்கும்போது எண்ணெய் கருகுகிற வாசம் அடித்தது, பானட்டைத் திறந்தால் எஞ்சினின் மேல் மூடியான டேப்பட் கவர் ஓரத்தில் கசிந்த ஆயில், சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழுந்து புகைந்துகொண்டிருந்தது.

முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில், கவருக்கு அடியில் கசியாமல் இருக்க வைக்கிற பேக்கிங்கை மாற்றவே இல்லை. பழையதன் மேலேயே சுற்றிலும் சிலிக்கான் தடவி போல்ட்டை இறுக்கித் தந்துவிட்டார்கள், இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. எனக்கு அதில் இன்னும் கோபம் ஆறவில்லை. உள்ளே பிதுங்கிய சிலிக்கான் பிய்ந்து, எஞ்சின் அடியில் ஆயில் தேங்குகிற சம்பில் விழுந்தால் ஆயில் ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி வலை) அடைத்து எஞ்சினே போய்விடும்.

அப்புறம் குலசேகரத்தில் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் போய் நானும் கூடவே நின்றேன். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் கைவைத்தார். இக்னிஷன் காயிலை உருவியதும் ஸ்பார்க் பிளக் உட்காரும் ஒரு குழியில் ஆயில் தேங்கிக் கிடந்தது, ஏற்றத்தில் வண்டி மிஸ்ஸிங் காட்டியது (விட்டுவிட்டு இழுத்தது) ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. நான் பிளக் ஸ்பேனரை எடுக்கப் போனேன். "மக்கா, இப்ப பிளக்கைக் கழத்தீராதே கேட்டியா, எண்ணெய் பூரா சிலிண்டருக்குள்ள போயிரும்" என்று தடுத்து, சிரிஞ்சில் சின்ன டியூப் மாட்டி அத்தனையையும் உறிஞ்சி எடுத்தார்.

கவரைத் தூக்கினால் பேக்கிங் வளைக்கும் முன்பே ஒடிகிறது. எங்கள் வீட்டிலும் ரப்பர் மரம் உண்டு, நம்ம ஷீட் ரப்பர்தானே இது என்று நினைத்திருந்தேன். இல்லையாம், மரத்து ரப்பர் எண்ணெயில் ஊறிப் பருத்துப் போகும், அதனால் இதற்குச் செயற்கை ரப்பர்தான், அதுவும் வருடக்கணக்கில் சூடு பட்டுப் பட்டு விறைத்துவிடும்.

பழைய சிலிக்கானைச் சுரண்டத்தான் நேரம் போனது. கவர் உட்காரும் எஞ்சின் தலை (சிலிண்டர் ஹெட்) அலுமினியம், கீறல் விழுந்தால் அந்த வழியாகவே மறுபடி கசியும் என்று இரும்பு பிளேடைத் தொடவே இல்லை, பிளாஸ்டிக் துண்டால்தான் எடுத்தார், தூசி உள்ளே விழாமல் கேம்ஷாஃப்ட் மேல் துணி போட்டிருந்தார். பேக்கிங்கோடு பிளக் குழி சீல்களும் புதிது. சிலிக்கான், டைமிங் செயின் கவரும் தலையும் சேருகிற இரண்டு மூலையில் மட்டும் ஒவ்வொரு பொட்டு. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, இரண்டு சுற்றாக, இறுக்குகிற அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினார். சின்ன போல்ட், 10 நியூட்டன் மீட்டருக்குள்தான் தாங்கும், கைப்பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

கடைசியில், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடுகிற பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்கினார், நல்லது என்றால் கடகடக்கும், இதில் சத்தமே இல்லை, அடைத்துப் போயிருந்தது. உள்ளே சேர்கிற காற்றழுத்தம் போக வழியில்லாமல் ஆயிலைப் பேக்கிங் வழியாகத் தள்ளியிருக்கிறது. அதையும் மாற்றினோம்.

ஒரு வாரம் கழித்துப் பேச்சிப்பாறை வரை போய்வந்து, ஆறவிட்டு, வெள்ளைத் துணியால் கவர் ஓரம் முழுக்கத் துடைத்தேன். துணியில் ஆயில் படவில்லை.