வெள்ளி பதித்த பித்தளைத் தட்டு, நிஜமாகவே வெனிஸ் வேலையா?

பித்தளைப்பித்தன்:
ஏலத் தளம் ஒன்றில் வெள்ளி பதித்த பித்தளைத் தட்டு பார்த்தேன். நடுவில் ஐரோப்பியக் குடும்பச் சின்னத்தோடு ஒரு கேடயம், சுற்றிலும் அரபு எழுத்து. 1500 வாக்கில் வெனிஸில் குடியேறிய முஸ்லிம் கைவினைஞர்கள் செய்தது என்கிறார் விற்பவர். அப்படி அங்கே பட்டறை இருந்ததா? விலை கையைக் கடிக்கிறது, அதனால்தான் கேட்கிறேன்.

கம்பிவேலை:
அது 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர்கள் கட்டிய கதை. மஹ்மூத் அல்-குர்தி என்ற கலைஞர் ஒரு பொருளில் அரபியோடு ரோமன் எழுத்திலும் பெயர் பொறித்திருக்கிறார், உடனே ஆள் வெனிஸில்தான் இருந்திருப்பார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வாங்குபவன் எழுத்தில் பெயர் போட அவன் ஊருக்கே போக வேண்டுமா என்ன? வெனிஸின் தொழில் சங்கங்கள் வெளியாள் பட்டறை போடுவதைச் சுலபமாக விடக்கூடியவையும் அல்ல. கேடயத்தை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது, அதை வெறுமையாக விட்டு அனுப்பினால் இத்தாலியில் அவரவர் சின்னத்தைப் பொறித்துக்கொள்ளலாம். இப்போது பலரும் மம்லூக் சுல்தான்கள் ஆட்சியிலிருந்த சிரியா, எகிப்து என்கிறார்கள். அல்-குர்தி வகை மட்டும் மேற்கு ஈரான் பக்கமா என்று இன்னும் சண்டை ஓடுகிறது.

ஏலக்காய்:
ஐரோப்பியருக்கு ஆர்டர் எடுப்பது அதற்கு முன்பே உண்டு. சைப்ரஸை ஆண்ட பிரெஞ்சு வம்சத்து நான்காம் ஹியூவின் (1324–1359) பித்தளைத் தொட்டி பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அரபு, பிரெஞ்சு இரண்டிலும் வாசகம். ஆனால் அங்கேயே உள்ள ‘புனித லூயியின் ஞானஸ்நானத் தொட்டி’யை இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். முஹம்மத் இப்னு அல்-ஸைன் ஆறு இடத்தில் கையெழுத்திட்ட மம்லூக் வேலை அது. 1606இல் பிரான்ஸின் பதின்மூன்றாம் லூயிக்கு அதில் ஞானஸ்நானம் நடந்தது, அவ்வளவுதான். புனித லூயி என்ற பழைய பிரெஞ்சு மன்னரோ 1270லேயே இறந்துவிட்டார், தொட்டி அதற்குப் பிற்பட்டது!

பழையஇரும்பு:
சார், வரலாறு இருக்கட்டும். ஏலத்தில் இப்படி வருவதில் நிறைய 19ஆம் நூற்றாண்டுக் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலும் டமாஸ்கஸிலும் கெய்ரோவிலும் சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்தவை. டமாஸ்கஸில் யூதப் பட்டறைகள் இதில் பேர்போனவை. மம்லூக் பாணியை அப்படியே எடுத்துச் செய்வார்கள், அதையும் மட்டம் என்று ஒதுக்க மாட்டேன், நல்ல கைவேலைதான், ஆனால் அதற்குரிய விலை வேறு. வெள்ளி உதிர்ந்த இடத்தை நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பழைய வேலையில் பள்ளத்தின் ஓரத்தை உள்வெட்டாகச் செதுக்கி மெல்லிய வெள்ளித் தகட்டை அதற்குள் தட்டி இறுக்கியிருப்பார்கள், பற்றவைப்பு இருக்காது. பின்பக்கமும் கேளுங்கள். தகடு எங்கும் ஒரே கனத்தில், மெஷினில் உருட்டியது போல இருந்தால் 1500 பேச்சை அங்கேயே விட்டுவிடலாம்.

பித்தளைப்பித்தன்:
ரெண்டு படமும் கேட்டிருக்கிறேன். வந்தால் இங்கே போடுகிறேன், வராவிட்டால் ஏலம் கேட்கப்போவதில்லை.