புதுப்பிப்பு: கண்மாய் மண்ணில் நெளிந்த அடுக்குகள்

மேலூர்ப் பக்கம் கரம்பை (வண்டல் மண்) அள்ளிய ஒரு கண்மாய்க் குழியின் சுவரில் மண் அடுக்குகள் நெளிந்து கிடந்த படத்தைப் போட்டு, இது பழைய நிலநடுக்கத்தின் தடமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். நேற்று நிலவியல் கற்பிக்கும் அண்ணன் ஒருவரை அழைத்துக்கொண்டு மறுபடியும் போனேன்.

நிலநடுக்கம் இல்லை. மாட்டுக் குளம்பு பதிந்த தடம் என்று அன்றே எழுதியவர் சொன்னதுதான் சரி; அவருக்கு என் நன்றி.

அண்ணன் கொத்துக் கரண்டியால் சுவரை மெல்லச் சீவினார். சாம்பல் நிறக் களி, மணலுக்குள் கிண்ணம் போல் அமிழ்ந்திருந்தது. கிண்ணத்தின் அடியில் நடுவே ஒரு பிளவு: இரட்டைக் குளம்பேதான். நான்கு முழம் தள்ளிச் சீவினால் அதே அடுக்கு நேராக ஓடுகிறது.

நிலம் குலுங்கும்போது நீரில் ஊறிய மணலுக்குள் நீரழுத்தம் ஏறி, மணல் சிறிது நேரம் கூழாகிவிடுகிறது. மேலிருக்கும் களி அதில் மூழ்க, மணல் நாக்கு நாக்காக மேலே பீறிடும். நிலநடுக்கத் தடம் என்று சொல்ல, அந்தக் குலைவு ஒரே மட்டத்தில் வெகுதூரம் தொடர வேண்டும். அதன் மேலும் கீழும் அடுக்குகள் கலையாமல் இருக்க வேண்டும். அப்போதும் அலை, வண்டலின் பாரம் போன்ற பிற காரணங்களை விலக்கியாக வேண்டும். கலிபோர்னியாவில் 1971 சான் பெர்னாண்டோ நிலநடுக்கத்துக்குப் பின் வான் நார்மன் நீர்த்தேக்க வண்டலில் இத்தகைய குலைவுகளைக் கண்டார்கள். நம் நாட்டில் லடாக்கின் லாமாயுரு பழைய ஏரிப் படிவுகளிலும் உண்டு.

பழைய படத்தின் தலைப்பைத் திருத்திவிட்டேன். மழைக்கு முன் எதிர்க்கரைக் குழியையும் சீவிப் பார்க்கப் போகிறோம்.