சிக்னல் டிரான்ஸ்டக்‌ஷன்: தமிழில் எப்படிச் சொல்வது? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

குன்னூர், உயிரியல் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். தமிழ்வழியில் படிக்கும் பிளஸ் டூ பிள்ளைகளுக்காக ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து எழுதும் அறிவியல் கையேடு வெள்ளிக்கிழமை உதகையில் அச்சுக்குப் போகிறது. என் பகுதி சம்புநாத் டேயின் காலரா ஆய்வு. காலராவுக்கு ஒரு நஞ்சு காரணமாக இருக்கலாம் என்று ராபர்ட் கோக் 1884-லேயே ஊகித்திருந்தார். கல்கத்தாவில் டே அதைச் செய்து காட்டினார். காலராக் கிருமியை வளர்த்த நீர்மத்திலிருந்து கிருமிகளை வடிகட்டி நீக்கிவிட்டு, மிஞ்சியதை முயலின் குடலில் இரு முனையும் கட்டிய ஒரு துண்டுக்குள் செலுத்தினார். கிருமி இல்லாமலே அந்தத் துண்டில் நீர் கோத்தது. 1959-இல் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது. நோபல் பரிசுக்கு அமெரிக்க மரபியலாளர் ஜோஷுவா லெடர்பெர்க் இவர் பெயரைப் பரிந்துரைத்தார் என்பதையும் எழுதியிருக்கிறேன். பரிசு வராமலே 1985-இல் டே காலமானார். நம் பிள்ளைகளுக்கு இவர் பெயராவது தெரிய வேண்டும்.

இதுவரை எழுதுவதில் சிரமம் இல்லை. அந்த நஞ்சு குடல் செல்லுக்குள் என்ன செய்கிறது என்று சொல்ல வரும்போதுதான் சொல் அகப்படவில்லை. செல்லுக்கு வெளியே வந்த செய்தி உள்ளே வேறு வடிவில் போய்ச் சேர்வதை ஆங்கிலத்தில் ‘சிக்னல் டிரான்ஸ்டக்‌ஷன்’ என்கிறார்கள். ‘சமிக்ஞைக் கடத்தல்’ என்று எழுதி வகுப்பில் வாசித்தேன். கடத்தல் என்றால் பிள்ளைகளுக்குச் சந்தன மரம்தான் நினைவுக்கு வருகிறது. ‘செல் சிக்னல்’ என்றால் எஸ்டேட் லைனில் டவர் கிடைக்காத கதை தொடங்கிவிடுகிறது. நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

கோத்தகிரி, மருந்தியல் ஆய்வு மாணவர்:

டீச்சர், ‘கடத்தல்’ வேண்டாம் என்பதற்குச் சந்தன மரத்தைவிடப் பெரிய காரணம் உண்டு. இயற்பியலில் வெப்பக் கடத்தல் படிக்கிறார்கள். அங்கே இந்த முனையில் புகுந்த வெப்பமேதான் அந்த முனையில் வெளிவருகிறது. செல்லில் அப்படி இல்லை. அட்ரினலின் என்ற ஹார்மோன், வெளிச்சவ்வில் அதை இனங்காணும் புரதமான ஏற்பியோடு வந்து சேர்வதோடு சரி, உள்ளே வருவதில்லை. உள்ளே ஜி புரதம் விழித்துக்கொள்கிறது, அது ஒரு நொதியைத் தூண்டுகிறது, நொதி சைக்ளிக் ஏ.எம்.பி என்ற வேறொரு பொருளை உண்டாக்குகிறது. வாசலில் வந்தது ஒன்று, வீட்டுக்குள் நடமாடுவது இன்னொன்று. சைக்ளிக் ஏ.எம்.பியைக் கண்டுபிடித்து ‘இரண்டாம் தூதர்’ என்ற கருத்தைக் கொண்டுவந்தவர் ஏர்ல் சதர்லேண்ட். அவருக்கு 1971-இல் நோபல். ஏற்பிக்கும் நொதிக்கும் நடுவே இன்னொன்று இருந்தாக வேண்டும் என்றார் மார்ட்டின் ராட்பெல். அவர் பிரித்த வேலைகள் மூன்று: இனங்காண்பது, உருமாற்றுவது, பெருக்குவது. நடுவில் நின்று உருமாற்றும் டிரான்ஸ்டியூசர்தான் ஜி புரதம். அதைப் பிரித்தெடுத்த ஆல்ஃபிரட் கில்மனுக்கும் ராட்பெலுக்கும் 1994-இல் பரிசு கிடைத்தது.

காலரா நஞ்சு இந்த நடு ஆளின் மேல்தான் கைவைக்கிறது. ஜி புரதத்துக்குத் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும் திறன் உண்டு. நஞ்சு அதன்மேல் ஒரு சிறு மூலக்கூற்றுத் துண்டை ஒட்டி அந்தத் திறனைப் பறித்துவிடுகிறது. சைக்ளிக் ஏ.எம்.பி பெருகிக்கொண்டே போகிறது. செல் சவ்வில் குளோரைடு வெளியேறும் வாய்கள் திறக்கின்றன, சோடியமும் நீரும் பின்தொடர்கின்றன. கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட நீர் போகும். இத்தனைக்கும் ஹார்மோன் எதுவும் வரவே இல்லை! கோளாறு உருமாற்றுகிற இடத்தில் இருக்கிறது. ‘கடத்தல்’ என்று எழுதினால் பிள்ளைகள் அதை வழியில் தேடுவார்கள்.

உதகை, ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

அம்மாவுக்கும் தம்பிக்கும் வணக்கம். தம்பி சொன்ன காரணம் சரி. ஆனால் அதற்கு முன் ‘சமிக்ஞை’யைத் தள்ளுங்கள். ‘ஸம்ஜ்ஞா’ தேய்ந்து வந்த உரு அது. ‘குறி’ நம்மிடம் இருக்கும்போது அது எதற்கு?

‘குறிகை’ என்று சிலர் எழுதுகிறார்கள். அதுவும் நிற்காது. செய்கிறான், வருகிறான் என்பவை மெல்வினை, ஆகவே செய்கை, வருகை. இருக்கிறான், படுக்கிறான் என்பவை வல்வினை, ஆகவே இருக்கை, படுக்கை. குறிக்கிறான் என்பது வல்வினைதானே? ‘குறிக்கை’ என்றுதான் வர வேண்டும். ‘சைகை’ என்பது ‘செய்கை’யின் திரிபு. கையும் கண்ணும் உள்ளவர் செய்வது அது. புரதத்துக்கு எப்படிப் பொருந்தும்?

வள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்று இரண்டு அதிகாரம் வைத்தார், பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று. சொல்லாததை முகம் பார்த்து அறிவது முதலாவது. கண் பேசுவதை அறிவது இரண்டாவது. ஏற்பி செய்வதும் குறிப்பறிதலே. அதன்பின் நடப்பதைக் ‘குறிமாற்றுகை’ என்னலாம். செல்லை ‘உயிரணு’ என்றே எழுதுங்கள். ‘உயிரணுக் குறிமாற்றுகை’. இதில் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை.

கூடலூர், செவிலியர்:

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. ‘உயிரணுக் குறிமாற்றுகை’ என் வாயில் நுழையவில்லை, நோயாளியின் காதில் எப்படி நுழையும்? அப்புறம், பிளஸ் டூ வகுப்பில் ‘குறி’ என்று தனியாகச் சொன்னால் பிள்ளைகள் எதை நினைத்துச் சிரிப்பார்கள் என்று டீச்சருக்குத் தெரியும். ஊரில் குறி சொல்கிறவரும் இருக்கிறார்.

என் அப்பா இலங்கையில் ஹட்டனில் படித்தவர். 1964 இந்திய இலங்கை ஒப்பந்தத்தில் இந்தப் பக்கம் அனுப்பப்பட்ட குடும்பம் எங்களுடையது. அவருடைய பள்ளிப் புத்தகத்தில் செல் ‘கலம்’, நொதி ‘நொதியம்’, ஏற்பி ‘வாங்கி’, ஹார்மோன் ‘ஓமோன்’. இங்கே வந்ததும் அவை எல்லாம் தப்பு என்று திருத்தினார்கள். ஒரு சொல்லும் தப்பில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19-ஆம் நூற்றாண்டிலேயே சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். அவர் முதலில் தமிழில் தேடுவார், இல்லையென்றால் வடமொழியில், அதிலும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவார். அந்த வரிசை எனக்குப் பிடிக்கும். தமிழ் முதலில், ஆனால் கதவை மூடிவிடாத தமிழ்.

வயிற்றுப்போக்கு வந்த வீடுகளில் நான் சொல்வது இதுதான்: “தண்ணி வால்வு திறந்தபடியே சிக்கிக்கிச்சு, மூட மாட்டேங்குது. அது தானா சரியாகிற வரைக்கும் இந்த உப்பு சர்க்கரைத் தண்ணியை விடாம குடிக்கணும்.” எல்லோருக்கும் புரிகிறது. சோடியமும் குளுக்கோசும் சேர்ந்து உள்ளே போகும் வழியை நஞ்சு தொடுவதில்லை, அதனால்தான் ஓ.ஆர்.எஸ் வேலை செய்கிறது. 1971-இல் மேற்கு வங்கத்துப் பன்காவ் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் அதைக் கொண்டு எத்தனையோ பேரைக் காப்பாற்றினார். டீச்சர், கையேட்டில் அவரையும் சேருங்கள். சொல் விஷயத்தில் என் ஓட்டு ‘தூது’க்கு. தூது தெரியாத தமிழ்ப் பிள்ளை இல்லை.

கொடைக்கானல், மொழிபெயர்ப்பாளர்:

‘குறிபெயர்ப்பு’ என்று வைத்தால் என்ன? ஒரு மொழியில் கேட்டதை இன்னொரு மொழியில் சொல்வது மொழிபெயர்ப்பு. ஒரு வடிவில் வந்த குறியை இன்னொரு வடிவில் தருவது குறிபெயர்ப்பு. கோத்தகிரித் தம்பி கேட்ட உருமாற்றம் அப்படியே இதில் இருக்கிறது. ‘மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்’ என்று தொல்காப்பியமே சொல்வதால் ஐயாவுக்கும் மறுப்பு இருக்காது.

‘குறி’ என்றதும் ஒன்று தோன்றுகிறது. குறிஞ்சிக்கும் குறிக்கும் உறவு இருக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணி வருகிறேன். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை காலம் குறித்துப் பூக்கிறது. 2006-இல் பூத்தது, 2018-இல் இங்கே மலை முழுக்கப் பூத்தது, அடுத்தது 2030. காலத்தைக் குறிக்கும் பூ குறிஞ்சி. அந்தத் திணையில்தான் காதலர் சந்திக்கும் இரவுக்குறியும் பகற்குறியும் வருகின்றன. இது தற்செயலா?

உதகை, பேராசிரியர்:

தற்செயல்தான். ‘குறு’ என்ற அடியோடு சேர்த்துப் பார்ப்பதே பொருந்தும், குறிஞ்சி குறுஞ்செடி. பன்னிரண்டாண்டுக் கணக்கைச் சங்கப் புலவர் எங்கே பாடினார்? கருங்கால் குறிஞ்சி என்றும், அதன் பூவில் இழைத்த தேன் என்றும்தான் பாடினார்கள். ஆனால் இரவுக்குறியை நினைவூட்டியதற்கு நன்றி. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

குன்னூர், ஆசிரியை:

குறிஞ்சியை அடுத்த வாரம் பேசலாமே. ‘குறிபெயர்ப்பு’ அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பாடநூலில் டி.என்.ஏ-விலிருந்து ஆர்.என்.ஏ எடுப்பது ‘படியெடுத்தல்’, ஆர்.என்.ஏ-விலிருந்து புரதம் செய்வது ‘மொழிபெயர்த்தல்’. அந்தப் பாடத்தைப் படித்துவிட்டு வரும் பிள்ளை ‘குறிபெயர்ப்பை’ அதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும். தேர்வில் மதிப்பெண் போகும். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை.

உதகை, பேராசிரியர்:

அப்படியானால் செவிலியர் அம்மா சொன்ன ‘தூது’க்கே வருகிறேன். தூது என்றால் சொன்னதைச் சொல்வது மட்டும்தான் என்று தம்பி மறுக்கக்கூடும். ஆனால் பரிமேலழகர் தூதரை இரு வகையாகப் பிரிக்கிறார்: தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான். முன்னவன் வந்த செய்தியை உள்வாங்கி, இடமறிந்து, தன் சொல்லில் சொல்பவன். அவன்தான் உங்கள் ஜி புரதம். ஆகவே டிரான்ஸ்டியூசர் ‘வகுப்புத்தூதன்’, நிகழ்வு ‘தூதுவகுப்பு’.

இரவுக்குறிக்கு வருகிறேன். தலைவன் வந்ததைத் தெரிவிக்க ஓர் ஒலி எழுப்புவான். சில சமயம் வேறு எதுவோ எழுப்பிய ஒலியை அவன் குறி என்று தலைவி மயங்கி, குறியிடம் போய் ஏமாந்து திரும்புவாள். இதற்கு ‘அல்லகுறிப்படுதல்’ என்று பெயர். தொல்காப்பியக் களவியலில் இருக்கிறது. காலராவில் ஹார்மோன் வரவில்லை, வந்ததுபோல் செல் நடந்துகொள்கிறது. இது அல்லகுறிதானே! நோய்தரும் பொய்ச் சிக்னல் அனைத்துக்கும் ‘அல்லகுறி’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். ஈராயிரம் ஆண்டு காத்திருந்த சொல்.

கோத்தகிரி, ஆய்வு மாணவர்:

ஐயா, ‘அல்லகுறி’யைப் படித்ததும் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் காலராவுக்கு அது பொருந்தவில்லை. தலைவி ஓர் ஒலியைக் கேட்டாள், கேட்டதைத் தப்பாக அறிந்தாள். மயக்கம் ஏற்பியின் மட்டத்தில் நடக்கிறது. காலராவில் ஹார்மோன் ஏற்பி எதையும் கேட்கவில்லை, நடுவிலிருப்பவன் அணைய முடியாமல் நிற்கிறான். கக்குவான் இருமல் நஞ்சு இன்னொரு வகை. அது வேலையைத் தடுத்து நிறுத்தும் ஜி புரதத்தை முடக்குகிறது, அதாவது பிரேக்கைப் பிடுங்குகிறது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் குரோமோசோம்கள் 9-உம் 22-உம் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் ஓயாமல் வேலை செய்யும் ஒரு நொதி பிறக்கிறது. 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் அந்த நொதியைத்தான் அடக்குகிறது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயிலோ இன்சுலின் வருகிறது, செல் சரியாகப் பதில் சொல்வதில்லை. இவை எல்லாவற்றையும் ஒரே ‘அல்லகுறி’யில் போட்டால், தொடரின் எந்தக் கண்ணியில் மருந்து வைப்பது என்பது மறைந்துவிடும்.

ஹார்மோனைப் போலவே வேறொரு மூலக்கூறு வந்து ஏற்பியை ஏமாற்றும் இடங்களுக்கு ‘அல்லகுறி’யை வைத்துக்கொள்ளலாம். அங்கே அது மிகச் சரியான சொல்.

மொத்த நிகழ்வுக்கு ‘தூதுத்தொடர்’ என்றால் எனக்குச் சம்மதம். உருமாற்றம் அதில் வெளிப்படையாக இல்லை என்ற குறை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் முதல் தூதர், இரண்டாம் தூதர் என்று ஆள் மாறுவதைப் பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள். ‘தூதுவகுப்பு’ என்றால் பள்ளிக்கூடத்து வகுப்பு என்று நினைப்பார்கள்.

கூடலூர், செவிலியர்:

தூதுத்தொடர் நல்லா இருக்கு. தம்பிக்கு நன்றி.

கொடைக்கானல், மொழிபெயர்ப்பாளர்:

குறிபெயர்ப்புதான் துல்லியம் என்பது என் எண்ணம். பாடநூல் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டது என்பதற்காக அதன் உறவுச் சொற்களை எல்லாம் பூட்டிவைக்க முடியாது. ஆனால் நாளை வெள்ளி. தூதுத்தொடருக்குக் கையைத் தூக்குகிறேன்.

குன்னூர், ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை பிழைதிருத்தம் முடிந்தது. தலைப்பில் ‘செல்லுக்குள் தூதுத்தொடர்’. முதல் பத்தியில் ஒரே ஒரு முறை ‘சிக்னல் டிரான்ஸ்டக்‌ஷன்’ என்று தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன், கல்லூரிக்குப் போகும் பிள்ளை அந்தச் சொல்லை அங்கே சந்திக்கும். ஜி புரதத்தை ‘செய்தியை உருமாற்றித் தரும் நடுத்தூதர்’ என்று விளக்கியிருக்கிறேன், ஐயாவின் ‘வகுத்துக் கூறுவான்’ கொடுத்த யோசனை அது. செல் செல்லாகவே இருக்கிறது. ஏற்பிக்குப் பக்கத்தில் ‘வாங்கி என்றும் சொல்வர்’ என்று சேர்த்திருக்கிறேன். மகாலனாபிஸுக்குத் தனிப் பெட்டிச் செய்தி கொடுத்துவிட்டேன்.

உதகை, பேராசிரியர்:

பெரும்பான்மைக்குத் தடை சொல்ல மாட்டேன். ஆனால் ‘செல்’ என்று அச்சிடுவதற்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். உயிரணு கடினமான சொல் இல்லை, பிள்ளைகள் கீழ்வகுப்பிலேயே படித்ததுதான். இரண்டாம் பதிப்பு வரும்போது இதை மறுபடி எழுப்புவேன். கையேட்டில் ‘பெருக்கம்’ என்று ஓரிடத்தில் இருக்கிறது. ஒரு மூலக்கூறு வந்து ஆயிரம் மூலக்கூறு உண்டாவதையா, செல் பிரிந்து எண்ணிக்கையில் கூடுவதையா சொல்கிறீர்கள்? இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் புற்றுநோய்ப் பத்தி குழம்பும். அச்சகத்துக்கு இன்றே ஒரு போன் போட்டுவிடுங்கள் அம்மா.