மிதவைத் தடுப்புக்கு அடியில் எண்ணெய் நழுவுகிறது, யோசனை சொல்லுங்கள்

நண்பர்களே, கடலில் கசிந்த எண்ணெயை வளைத்து நிறுத்தும் மிதவைத் தடுப்பு, அதாவது பூம், பற்றி ஓர் உதவி வேண்டும். நீரோட்டத்துக்குச் செங்குத்தாக நிறுத்தினால் சுமார் 0.7 நாட் (மணிக்குச் சுமார் 1.3 கி.மீ.) வேகத்திலேயே கோட்டை விட்டுவிடுகிறது. சோதனைத் தொட்டியில் பார்த்தேன்: தடுப்பின் முன் தடித்து நின்ற கரும்படலம் மணிமணியாகப் பிரிந்து, தடுப்பிலிருந்து நீருக்குள் தொங்கும் திரைக்கு அடியில் ஓடிவிட்டது. திரையை ஆழமாக்கு என்றார் ஒருவர். எனக்கு ஒப்பவில்லை, நீரின் இழுவிசைதான் கூடும்.

நீரோட்டத்துக்குச் சாய்கோணத்தில் வைத்தால் தாங்கும், தெரியும். ஆனால் திறந்த கடலில் இரண்டு படகுகள் யு வடிவில் இழுக்கும்போது வளைவின் அடிப்பகுதி செங்குத்தாகத்தானே நிற்கும்? எண்ணெய் நழுவாதபடி அவ்வளவு மெதுவாகப் போனால் படகு சுக்கானுக்குக் கட்டுப்படுவதில்லையே! இழுத்துப் பழகியவர்கள் வேகத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?