600 கப் ஓடரை வேண்டாம் என்றுவிட்டேன், நான் செய்தது பிழையா?

மண்கை, தெகிவளை

போன கிழமை பரிசுப் பொருள் கடை நடத்துகிற ஒருவர் என் பட்டறைக்கு வந்தார். நத்தாருக்கு முன் 600 கப் வேண்டும் என்றார். சக்கரத்தில் நான் ஒன்றும் வனையத் தேவையில்லையாம். அச்சில் வார்த்து ஒருமுறை சுட்ட வெள்ளைக் கப்புகளை வெளிநாட்டில் இருந்து எடுப்பித்து அவரே பெட்டி பெட்டியாக இறக்குவார், நான் என் பச்சைக் கிளேஸை, சுட்டால் கண்ணாடி மாதிரி ஆகிற பூச்சை, பூசிச் சுட்டு அடியில் என் பெயரை எழுதிக் கொடுத்தால் போதும். ஒன்றுக்கு 900 ரூபா, மொத்தம் 5,40,000. கேட்டதும் மனம் கணக்குப் போடத் தொடங்கியது உண்மை. பிறகு அதில் கட்டித் தொங்கவிடப் போகிற சின்ன அட்டையைக் காட்டினார். 'கொழும்பில் கையால் வனைந்தது' என்று அச்சடித்திருந்தது. இதை மாற்றலாமா என்று கேட்டேன். இந்த வரி இல்லாவிட்டால் ஓடரும் இல்லை என்றார். சரி, வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

மனைவி இரண்டு நாள் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. கூட்டாளிமார் விசர் என்கிறார்கள். நான் 11 வருடம் ஒரு கொம்பனியில் வேலை செய்தவன். சரக்கு எங்கள் பிழையால் பிந்தினாலும் 'துறைமுகத்தில் தாமதம்' என்று வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதுவதுதான் என் வேலையில் பாதி. எழுதமாட்டேன் என்று ஒருநாளும் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் 2018 இல் வேலையை விட்டேன். அடுத்த வருடமே ஏப்ரல் குண்டுவெடிப்பு, வெளிநாட்டுக்காரர் வரவு நின்றது, பிறகு கொரோனா, பிறகு 2022. அந்த மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களில், சூளை 900 பாகையைத் தாண்டுகிற நேரம் பார்த்து வெளிச்சம் போகும், அதுவரை எரித்த யூனிட் எல்லாம் வீண். அதையெல்லாம் தாங்கினது இன்றைக்கு வந்து பொய்க்குப் பெயர் எழுதிக் கொடுக்கவா?

எனக்கு இதுதான் சுதந்திரம். வேறு விதமாக நினைப்பவர்கள் சொல்லுங்கள்.

புறக்கோட்டைக்காரன்

அண்ணா, நான் 20 வருடமாகச் சாமான் வாங்கி விற்கிறவன். அச்சில் வார்ப்பதும் கைவேலைதான். மண்ணைக் கூழாகக் கரைத்துப் பிளாஸ்டர் அச்சில் ஊற்ற வேண்டும், சுவர் எவ்வளவு தடித்தது என்று பார்த்து மீதியைச் சாய்த்து வடிக்க வேண்டும், கழற்றி ஓரம் சீவ வேண்டும், கைப்பிடி ஒட்ட வேண்டும். இதையெல்லாம் யார் செய்கிறார்கள், மெசினா? போரலஸ்கமுவ வெள்ளைக் களியை வைத்து இந்த நாட்டில் எத்தனை ஆயிரம் பேர் அந்த வேலையில் பிள்ளை வளர்த்தார்கள். சக்கரத்தில் சுற்றினால்தான் கை, அச்சில் ஊற்றினால் கை இல்லையா?

இன்னொன்று, உங்கள் கப் என்ன விலை? 2,800 ரூபா என்று உங்கள் பக்கத்தில் பார்த்தேன். ஒரு ஆசிரியை தன் சினேகிதிக்குப் பரிசு கொடுக்க 1,500 ரூபாவோடு கடைக்கு வருகிறாள். அவளுக்கு நாங்கள் என்ன கொடுப்பது? உங்கள் மனச்சாட்சியை எல்லாராலும் விலை கொடுத்து வாங்க முடியாது.

மண்கை, தெகிவளை

அச்சு வேலையை நான் குறைவாகச் சொல்லவில்லை தம்பி. 'வார்ப்புக் கப், தெகிவளையில் நிறம் பூசிச் சுட்டது' என்று அட்டையில் போட்டால் நாளைக்கே செய்வேன், அந்த ஆசிரியையும் 1,500 ரூபாவுக்கு நல்ல கப் ஒன்றைக் கொண்டுபோகலாம். நான் ஒரு நாளில் 25 கப் வனைவேன். அதுகள் காய வேண்டும், அடி சீவ வேண்டும், இரண்டு தரம் சுட வேண்டும், என் சூளையில் ஒரு தடவைக்கு 40 தான் போகும். ஐப்பசி மழையில் பிடி ஒட்டுகிற பதத்துக்கு வரவே மூன்று நாள், மாசி வெயிலில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் ஓரம் வெடித்து நிற்கும். சொந்தக்காரர் கலியாணத்துக்குப் போவதென்றாலும் பொலித்தீனால் போர்த்திவிட்டுத்தான் போவேன். 2,800 அந்த நாட்களின் விலை. அந்த நாட்களே இல்லாத கப்புக்கு அதே வார்த்தையைப் போட்டால் வாங்குகிறவரிடம் காசு பிடுங்குகிறோம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பச்சைக் கிளேஸ் எனக்குப் பிழைத்தது, செம்பு கூடிவிட்டது. தேசிக்காய்த் துண்டை உள்ளே வைத்து ஒரு இரவு விட்டுப் பார்த்தேன், காலையில் அந்த இடம் வெளிறிப்போய் இருந்தது. புளிப்புப் பட்டால் நிறம் கரைகிற கப்பில் தேநீர் குடிக்கச் சொல்ல முடியாது. விற்ற 34 கப்பையும் போன் பண்ணிப் பண்ணித் திருப்பி எடுத்துக் காசைக் கொடுத்தேன். கொம்பனியில் இருந்திருந்தால் இதைச் செய்ய விட்டிருப்பார்களா?

சிட்டி விளக்கு, கொட்டாஞ்சேனை

நான் வேறு இடத்தில் இருந்து கதைக்க வேண்டியிருக்கிறது. என் அம்மப்பா வலிகாமத்தில் பானை வனைந்தவர். பிறந்த வீட்டால் வந்த தொழில், அவர் தேர்ந்தெடுக்கவில்லை. தைப்பொங்கலுக்கு முட்டி, விளக்கீட்டுக்குச் சிட்டி, செத்த வீட்டுக்குக் கொள்ளிக்குடம். நடுச்சாமத்தில் படலையில் ஆள் வந்து நிற்கும், குடம் வேண்டும் என்று. இல்லை என்ற சொல் அவர் வாயில் வரவே முடியாது. அறுவடைக்கு நெல் கொடுத்தார்கள், வாசலில் நிற்கவைத்துக் கொடுத்தார்கள். அம்மா அந்த மண்ணைத் தொடவே கூடாது என்று எங்களைப் படிக்க வைத்தா. நான் கொழும்புக்கு வந்து தாதியாக வேலை செய்கிறேன், அம்மப்பா என்ன செய்தவர் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் ஒரு நொடி நின்றுதான் பதில் சொல்வேன்.

நீங்கள் வேலையை விட்டு மண்ணுக்கு வந்தீர்கள், அதைக் கலை என்கிறார்கள், 2,800 ரூபா கொடுக்கிறார்கள். கண்டி வீதியில் மொலகொடவால் போகும்போது ரோட்டோரம் அடுக்கி வைத்திருக்கிற சட்டிகளைப் பாருங்கள், அதுவும் சக்கரத்தில் சுற்றினதுதான். நாங்கள் எருமைத் தயிரை வழித்துச் சாப்பிட்டுவிட்டு முட்டியைக் குப்பையில் போடுகிறோம். அதில் யார் 'கையால் வனைந்தது' என்று அட்டை கட்டுகிறார்கள்? அந்த அட்டை உங்களைப் போன்றவர்களுக்காகவே வந்த சொல். அது பொய்யாகக் கூடாது என்று நீங்கள் கவலைப்படுவது நல்லது அண்ணா, நான் குறை சொல்லவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்ல உங்களால் முடிந்ததற்கு உங்கள் குணம் மட்டும்தான் காரணம் என்று எழுதாதீர்கள். என் அம்மப்பாவுக்கும் குணம் இருந்தது.

மண்கை, தெகிவளை

தங்கச்சி, இதற்கு நான் என்ன பதில் சொல்வது. நீங்கள் சொல்வது சரி. கொள்ளிக்குடத்தை நான் யோசித்ததே இல்லை.

கணக்கு, பம்பலப்பிட்டி

நான் கணக்காய்வுத் துறையில் இருப்பவன், அதனால் நேராகவே கேட்கிறேன். அந்தக் கடைக்காரர் கேட்டது பிழை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வாடிக்கையாளரை ஏமாற்றுகிற விதமாக வியாபாரி நடப்பதைத் தடுக்கிறது. அதனால் மறுத்ததை நான் பெரிய தியாகமாக எடுக்கமாட்டேன், செய்ய வேண்டியதைச் செய்தீர்கள்.

என் கேள்வி இதுதான். உங்கள் படங்களில் மண் மிதித்துக்கொண்டு ஒரு பெடியன் நிற்கிறான். அவன் எவ்வளவு காலமாக உங்களிடம் வேலை செய்கிறான்? அவனுக்கு ஊழியர் சேமலாப நிதி, அதுதான் ஈபிஎப், கட்டுகிறீர்களா?

மண்கை, தெகிவளை

மூன்று வருடம். நாள் கூலி 2,500, மாதம் 24 நாள் வருவான். சேமலாப நிதி கட்டவில்லை. அவன் கேட்டதும் இல்லை. நானும் நிரந்தரச் சம்பளம் இல்லாத ஆள்தானே, எனக்கே அப்படி ஒன்று இல்லை. பட்டறையில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்.

கணக்கு, பம்பலப்பிட்டி

ஒரே ஒரு ஆளை வைத்திருந்தாலும் கட்ட வேண்டும். சட்டம் 1958 இல் இருந்து இருக்கிறது, நாள் கூலி, துண்டு வேலை என்று விதிவிலக்கு இல்லை. அவன் பங்கு 8 வீதம், உங்கள் பங்கு 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம் முழுக்க உங்களுடையது. 60,000 ரூபாவுக்கு உங்கள் பக்கம் மாதம் 9,000. இன்றைய கூலியில் வைத்துக் கணக்குப் போட்டால் 36 மாதத்துக்கு 3,24,000. தண்டம் இதில் சேரவில்லை.

நீங்கள் மறுத்த 5,40,000 ஐ எல்லாரும் பார்த்தோம். இந்த 3,24,000 ஐ ஒருவரும் பார்க்கவில்லை, நீங்கள் உட்பட. வாங்குகிறவருக்கு நேர்மை, வேலை செய்கிறவனுக்குக் கடன். உங்களுக்கு முதலாளி இல்லை என்கிறீர்கள், அவனுக்கு இருக்கிறார். 'துறைமுகத்தில் தாமதம்' என்று நீங்கள் அந்த நாளில் எழுதினது போல, அவனும் ஏதோ ஒன்றுக்கு வாய் திறக்காமல் உங்களிடம் நிற்கிறானா என்று கேட்டுப் பார்த்தீர்களா?

புறக்கோட்டைக்காரன்

கணக்கு ஐயா, சட்டம் சரி, ஆனால் சின்னப் பட்டறை நடத்திப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். 2022 ஆவணியில் கரண்ட் கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது, அடுத்த மாசியில் இன்னொரு 66 வீதம். சூளை வைத்திருக்கிறவன் அந்த இரண்டு அடியையும் வாங்கி எழும்பியிருக்கிறான். அந்தக் காலத்திலும் பெடியனை நிற்பாட்டாமல் கூலி கொடுத்திருக்கிறார் என்றால் அதுவும் பெரிய விஷயம். புத்தகத்தில் எல்லாம் சரியாக எழுதி வைத்துவிட்டு ஆளை வீட்டுக்கு அனுப்பின கொம்பனிகளையும் பார்த்தோம். அவனிடம் கேட்டால் 'கையில் காசைத் தாங்க, நிதி வேண்டாம்' என்றுதான் சொல்லுவான். என் கடைப் பெடியன்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கொழுந்து, வத்தளை

இதை வாசித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. நான் பொகவந்தலாவப் பக்கம். 17 வயதில் கொழும்புக்கு வந்து நாலு கடை, இரண்டு பட்டறை மாறினேன். ஓம், என்னிடமும் கேட்டார்கள், நானும் 'கையில் தாங்க' என்றுதான் சொன்னேன். 17 வயதில் வேறு என்ன சொல்வது? மாதக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பக் காசு வேண்டும், முதலாளி எதைக் கேட்க விரும்புகிறார் என்று முகத்திலேயே தெரியும், அதைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்போம். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

என் அம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்தவ. அட்டை கடித்த கால், கூடை இழுத்த கழுத்து, சம்பளம் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் 50 வயதில் சேமலாப நிதிக் காசு கைக்கு வந்தது. அந்தக் காசில்தான் லயத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு என்று ஒரு அறை கட்டினோம், தங்கச்சி ஏஎல் எடுத்தாள். கொழும்பில் 14 வருடம் வேலை செய்த எனக்கு அப்படி எடுக்க ஒரு ரூபா இல்லை.

மண்கை அண்ணா, இன்னொன்று கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. அந்தப் பெடியன் மண் மிதிப்பது மட்டுமா, சக்கரத்திலும் இருக்கிறானா? அவன் வனைந்த கப்பின் அடியில் யாருடைய பெயர் இருக்கிறது?

மண்கை, தெகிவளை

இரண்டு நாளாக எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். கொழுந்து கேட்ட கேள்விதான் காரணம்.

அவன் வனைகிறான். போன வருடத்தில் இருந்து சின்னக் கப்புகளில் பாதி அவன் கை. நன்றாகவே வனைகிறான், அவன் இழுக்கிற சுவர் என்னுடையதை விட மெல்லிசு. அடியில் என் முத்திரைதான். அட்டையில் 'கையால் வனைந்தது' என்று இருப்பது உண்மை, ஆனால் வாங்குகிறவர் என் கை என்று நினைத்து வாங்குகிறார், நான் திருத்தவில்லை. 600 கப்புக்கு முகத்துக்கு நேரே மறுத்த அதே விஷயத்தை, சின்ன அளவில், ஒரு வருடமாக நானே செய்துகொண்டிருக்கிறேன் என்று இந்த வயதில் எனக்கு இன்னொருவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது. இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

நேற்று வேலை முடிந்து அவனோடு இருந்து கதைத்தேன். நிதி பற்றிச் சொன்னேன். முதலில் 'வேண்டாம் அண்ணா' என்றான். கொழுந்து சொன்ன மாதிரியே என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான், எனக்கு இப்போது தெரிந்தது. அவன் பங்கு 8 வீதத்தால் கைக்காசு குறையாமல் இருக்கக் கூலியைக் கூட்டுகிறேன் என்றேன். பேசாமல் இருந்துவிட்டு, தீபாவளிக்கு மூன்று நாள் கூலியோடு லீவு கேட்கலாமா என்று கேட்டான். மூன்று வருடமாக ஒரு நாள்தான் எடுத்திருக்கிறான், பஸ்ஸில் போய் இறங்கத் திரும்புகிற நேரம் வந்துவிடுமாம். நான் நினைத்தேன் அவனுக்கு ஒரு நாள் போதும் என்று.

கணக்கு, பம்பலப்பிட்டி

இதை வெளிப்படையாக எழுதியதற்கு மரியாதை. ஆனாலும் ஒன்றில் நான் மாறவில்லை. பழைய பாக்கி, இனி மாதாமாதம் 9,000 க்கு மேல், லீவு, இதெல்லாம் எங்கிருந்து வரும்? உங்கள் மனைவியின் சம்பளத்தில் இருந்து என்றால் அவவிடமும் கேட்க வேண்டும். அந்தக் கடைக்காரரோடு அட்டை விஷயத்தில் இன்னும் ஒரு தரம் கதைத்திருக்கலாம். கதவைச் சாத்திவிட்டு வந்து சுதந்திரம் என்று சொன்னீர்கள், அதன் செலவில் பாதியை வேறு இரண்டு பேர் கட்டுகிறார்கள்.

சிட்டி விளக்கு, கொட்டாஞ்சேனை

அவனுடைய கப்பில் அவன் எழுத்தைப் போடுங்கள் அண்ணா. காசு விஷயம் உங்களுக்கும் கணக்கு ஐயாவுக்கும் தெரியும். என் அம்மப்பாவின் ஒரு முட்டி அம்மாவிடம் இருக்கிறது, அவர் செய்தது என்று அம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அம்மாவுக்குப் பிறகு யாருக்கும் தெரியாது.

மண்கை, தெகிவளை

போடுகிறேன். என்ன எழுத்து வேண்டும் என்று கேட்டேன், தன் பெயரின் முதல் எழுத்தும் அம்மா பெயரின் முதல் எழுத்தும் சேர்த்து வேண்டுமாம். பிளாஸ்டர் துண்டில் இன்று அவனே செதுக்கிக்கொண்டிருக்கிறான்.

கணக்கு ஐயா சொன்னபடி மனைவியிடம் கேட்டேன். கடைக்காரருக்கும் திரும்ப எழுதினேன், 'வார்ப்புக் கப், தெகிவளையில் நிறம் பூசிச் சுட்டது' என்ற அட்டையோடு 300 செய்து தருகிறேன் என்று. வாசித்திருக்கிறார், பதில் வரவில்லை. நாளைக் காலை நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்துக்குப் போகிறேன். அங்கே போயிருக்கிறவர்கள் யாராவது இருந்தால், பழைய பாக்கியைத் தவணையில் கட்ட விடுவார்களா என்று சொல்லுங்கள்.