சி.எம்.டி. நோய்க்கு பிசியோதெரபி: நரம்பே சரியாகாதபோது எதற்கு?

கரையோரம் (கேள்வி)

வணக்கம். தம்பிக்கு 29 வயது. சார்கோ-மரி-டூத் நோய் (சி.எம்.டி., கை கால் நரம்புகளைப் பாதிக்கும் பரம்பரை நோய்), 1ஏ வகை என்று மரபணுப் பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. நரம்பியல் மருத்துவர் பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இப்போதைய நிலை: இரண்டு பாதங்களையும் தானாகத் தூக்க முடிகிறது, ஆனால் மேலே கையை வைத்து லேசாக அழுத்தினாலே இறங்கிவிடுகிறது. பாத வளைவு உயரமாக இருக்கிறது, குதிகால் உள்பக்கம் சாய்ந்திருக்கிறது, கணுக்கால் அடிக்கடி பிசகுகிறது. கொஞ்ச தூரம் நடந்தாலே தொடை சோர்ந்துவிடுகிறது. சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது.

நரம்பைச் சரிசெய்ய மருந்தே இல்லை என்னும்போது பிசியோதெரபி எதை மாற்றிவிடும்? பலவீனமான தசைக்கு வேலை கொடுத்தால் இன்னும் கெட்டுப்போகும் என்கிறார்களே, உண்மையா? கரண்ட் வைத்தால் நரம்பு தூண்டப்படும் என்று ஓரிடத்தில் சொன்னார்கள். பலன் உண்டா?

அசைவு

நரம்பில் எதையும் மாற்றாது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மற்றது தெளிவாகும். 17ஆம் குரோமோசோமில் பி.எம்.பி.22 மரபணு இரட்டித்திருப்பதால் நரம்பைச் சுற்றியுள்ள மையலின் உறை சரியாக அமைவதில்லை. அதன் விளைவாக உள்ளே இருக்கும் நரம்பிழைகள் நுனியிலிருந்து தேய்கின்றன. நீளமான நரம்பு முதலில் அடிபடும். அதனால்தான் முதலில் பாதம், பிறகு கை.

ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் தொந்தரவுகள் எல்லாம் நரம்பிலிருந்து நேராக வந்தவை அல்ல. தசை பலவீனம் நரம்பால் வந்தது. ஒரு தசை தளர, அதற்கு எதிர்த்தசை இழுத்துக்கொண்டே இருப்பதால் மூட்டு இறுகுவது இரண்டாவது. நடை குறைந்து, நன்றாக இருக்கும் தசைகளும் மூச்சுத் திறனும் இளைத்துப்போவது மூன்றாவது. பிசியோதெரபி வேலை செய்வது பின்னிரண்டில்தான். தம்பியின் தொடைச் சோர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். பாதம் தொங்குவதால், கால்விரல் தரையில் தட்டாமல் இருக்க ஒவ்வொரு அடிக்கும் முழங்காலை அதிகமாகத் தூக்கி வைக்கிறார். இடுப்பை மடக்கும் தசைகள் இரட்டை வேலை பார்க்கின்றன. பெரும்பாலும் அங்கே நோய் வந்திருக்காது. சோர்வுதான் வந்திருக்கும்.

பயிற்சியால் கெடுமா? இந்த பயம் பழையது. அதிகம் பயன்படுத்தும் கையே அதிகம் பலவீனமாக இருக்கிறது என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் அது உறுதிப்படவில்லை. 2017இல் வெளியான ஆய்வில் 6 முதல் 17 வயது வரையிலான சி.எம்.டி. பிள்ளைகள் 60 பேர் பங்கேற்றார்கள். பயிற்சிக் குழுவினர் பாதத்தைத் தூக்கும் தசைக்கு, தங்களால் ஒருமுறை தூக்க முடிந்த உச்ச எடையில் 50 முதல் 70 சதவீதம் வைத்து, வாரம் மூன்று முறை, ஆறு மாதம் பயிற்சி செய்தார்கள். 24 மாதம் கழித்துப் பார்த்தபோது, போலிப் பயிற்சி செய்தவர்களைவிட இவர்களிடம் தசை பலவீனம் கூடியது குறைவு. தசை கெடவும் இல்லை. பிள்ளைகளிடம் கிடைத்த முடிவு என்பதால் 29 வயதுக்காரருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'அசைக்கவே கூடாது' என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

தம்பியின் பாதம் புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்குகிறது, அழுத்தத்தைத் தாங்கவில்லை. மருத்துவக் கணக்கில் இது 3ஆம் தரம். இருப்பதிலேயே மெல்லிய ரப்பர் பட்டையில் தொடங்கலாம். காலை நீட்டி உட்கார்ந்து, பட்டையை விரல்களில் மாட்டாமல் பாதத்தின் நடுவில் மாட்டி, மறுமுனையை எதிரே கட்டிலின் காலில் கட்டுங்கள். தன்னை நோக்கி இழுத்து, மூன்று விநாடி எடுத்து மெதுவாக விட வேண்டும். 8 முதல் 12 முறை, இரண்டு சுற்று, வாரம் இரண்டு மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. பார்க்க வேண்டியது கால்விரல்களை. பாதம் வராமல் விரல்கள் மட்டும் மேலே விறைத்து வளைந்தால், விரலை நீட்டும் தசை அந்த வேலையைக் களவாடுகிறது என்று பொருள். விரல்கள் நகம்போல மடங்கிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். உடனே பட்டையை எடுத்துவிட்டு, விரல்களைத் தளர்த்தி, வெறும் காலால் செய்யச் சொல்லுங்கள்.

உண்மையான லாபம் மேலே, இடுப்பில் இருக்கிறது. ஒருக்களித்துப் படுத்துக் காலைப் பக்கவாட்டில் தூக்குவது, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது. இந்தத் தசைகளுக்கு நரம்பு நன்றாகவே இருப்பதால் தாராளமாகச் சுமை ஏற்றலாம். கூடவே நிலையான சைக்கிள், பாதம் நழுவாமல் பெடலில் பட்டை கட்டி, பேச முடிகிற வேகத்தில் 20 முதல் 30 நிமிடம்.

முடித்த அரை மணியில் முன்பைவிடப் பலவீனமாக உணர்ந்தாலோ, வலி இரண்டு நாளைத் தாண்டி நீடித்தாலோ, வழக்கத்தைவிடத் தசைப்பிடிப்பு கூடினாலோ அளவு அதிகம். நிறுத்த வேண்டாம், பாதியாகக் குறையுங்கள்.

குதிகால்

கரண்ட் பற்றி அசைவு எழுதாமல் விட்டதால் நான் சொல்கிறேன். பாதம் தொங்குபவர்களுக்கான மின்தூண்டல் கருவிகள் பக்கவாதம் போன்றவற்றுக்காக வந்தவை. அங்கே கெட்டிருப்பது மூளை அல்லது தண்டுவடத்தின் பாதை. காலில் ஓடும் நரம்பு நன்றாக இருப்பதால் அதைத் தூண்டினால் பாதம் எழும். சி.எம்.டி.யில் கெட்டிருப்பதே அந்தக் கால் நரம்புதான். அந்தப் பணத்தை நல்ல காலணிக்கும் ஏ.எஃப்.ஓ.வுக்கும் (கணுக்காலையும் பாதத்தையும் தாங்கும் கருவி) வைத்துக்கொள்ளுங்கள்.

கணுக்கால் ஏன் பிசகுகிறது என்பதுதான் இந்த நோயில் புரிந்துகொள்ள வேண்டிய இயக்கமுறை. பாதத்தின் முன்பகுதியைத் தூக்கும் டிபியாலிஸ் ஆன்டீரியர் தசை தளர்ந்துவிட, அதற்கு எதிராகப் பெருவிரல் அடியைக் கீழே அழுத்தும் பெரோனியஸ் லாங்கஸ் ஓரளவு தெம்பாகவே இருக்கிறது. அதனால் பெருவிரல் எலும்பு கீழே இறங்கி வளைவு உயர்கிறது. இன்னொரு பக்கம், பாதத்தை வெளிப்பக்கம் திருப்பும் பெரோனியஸ் பிரெவிஸ் தளர, உள்பக்கம் இழுக்கும் டிபியாலிஸ் போஸ்டீரியர் ஜெயித்துவிடுகிறது. இப்போது அவரை நிற்க வையுங்கள். கீழே இறங்கிய பெருவிரல் அடி முதலில் தரையைத் தொடும், பாதம் முழுவதும் வெளி விளிம்புக்கு உருளும், குதிகால் உள்ளே சாயும். அந்த நிலையில் ஒரு சின்னக் கல் பட்டாலே போதும்.

ஆகவே, பார்க்க வேண்டிய முதல் சோதனை கோல்மன் கட்டைச் சோதனை. சுமார் 2.5 செ.மீ. உயரக் கட்டையின் மேல் குதிகாலும் பாதத்தின் வெளி விளிம்பும் இருக்குமாறு நிற்க வைத்து, பெருவிரல் அடியை மட்டும் கட்டைக்கு வெளியே தொங்க விட்டு, பின்னாலிருந்து குதிகாலைப் பார்ப்பார்கள். குதிகால் நேரானால் அது இன்னும் இறுகவில்லை, சாய்வுக்குக் காரணம் முன்பாதம். இன்சோலில் (காலணிக்குள் வைக்கும் தகடு) பெருவிரல் எலும்பின் தலைக்குக் கீழே பள்ளம் விட்டு, வெளி விளிம்பை உயர்த்தினால் குதிகால் நேராக நிற்கும். நேராகவில்லை என்றால் இன்சோலால் திருத்த முடியாது, தாங்கத்தான் முடியும். எலும்பு அறுவை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. உயர்ந்த வளைவைப் பார்த்ததும் அதன் அடியில் மேடு வைத்து நிரப்பிக் கொடுக்கிறார்கள் சிலர். அது பாதத்தை இன்னும் வெளிப்பக்கம் தள்ளும். கடையில் கிடைக்கும் ஆயத்த 'ஆர்ச் சப்போர்ட்' இவருக்குப் பகை.

ஏ.எஃப்.ஓ. வாங்குமுன் கெண்டைக்கால் தசையைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்க முடிகிறதா? முடிந்தால், பாதத்தைத் தூக்கிப் பிடிக்க மட்டும் வளைந்துகொடுக்கும் மெல்லிய பின்தகடு வகை போதும். முடியவில்லை என்றால் அது போதாது. அந்தக் காலை ஊன்றி உடல் அதன் மேல் வரும்போது முழங்கால் முன்னால் மடங்கிச் சரியும். முழங்காலுக்குக் கீழே காலின் முன்னெலும்பில் தாங்கும் விறைப்பான கார்பன் வகை வேண்டும். 'எடை குறைவு' என்று மெல்லியதை வாங்கி, பயன்படவில்லை என்று மூலையில் போடுவது இதனால்தான்.

முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு நாளுக்கு ஒரு மணி நேரமாகக் கூட்டுங்கள். கழற்றியதும் பாதத்தின் வெளி விளிம்பு, கணுக்கால் எலும்பு, பெருவிரல் அடி மூன்றையும் பாருங்கள், அடிப்பாகத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிவப்பு அரை மணிக்குள் மறைய வேண்டும். மறையவில்லை என்றால் போடாமல் திருப்பிக் கொண்டுபோய்ச் சரிசெய்யுங்கள். இவருக்கு உணர்ச்சி குறைவு. வலிக்கவில்லையே என்று விட்டால் புண் வந்தபிறகுதான் தெரியும். வெந்நீர் ஒத்தடத்துக்கும் இதே எச்சரிக்கை, சூட்டைப் பாதத்தில் பார்க்காமல் முழங்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாற்காலி

நீட்சிப் பயிற்சியை இருவரும் தொடவே இல்லையே? கெண்டைக்கால் இறுகிவிட்டால் ஏ.எஃப்.ஓ.வே உட்காராது, குதிகால் மேலே எழும்பிக்கொண்டு நிற்கும். இரவில் ஸ்ப்ளின்ட் (மூட்டை ஒரே நிலையில் பிடித்து வைக்கும் கட்டு) போட்டுக்கொண்டு தூங்கினால் போதும் என்று நினைக்கிறேன்.

அசைவு

சரியாகப் பிடித்தீர்கள், ஆனால் இரவு ஸ்ப்ளின்ட் பற்றி உடன்பாடில்லை. சி.எம்.டி.யில் அதைச் சோதித்த ஆய்வில் கணுக்கால் அசைவு கூடவில்லை. நான்கு வாரம் இரவுதோறும் மாவுக்கட்டு போட்ட ஆய்வில் கூடியது, விட்டபிறகு அந்த லாபம் நிலைக்கவில்லை. எனவே அன்றாட நீட்சிதான்.

சுவரைப் பிடித்து, காலணியோடு நின்று, பின்காலின் விரல்கள் நேராக முன்னோக்கியிருக்க, குதிகால் எழாமல் முன்னே சாய வேண்டும். முழங்கால் நீட்டி 30 விநாடி மூன்று முறை, லேசாக மடக்கி 30 விநாடி மூன்று முறை. இரண்டும் வெவ்வேறு தசைகள். ஒன்றை விட்டால் அது இறுகும். வெறுங்காலில் செய்தால் பாதம் வெளி விளிம்புக்கு உருண்டுவிடும், நீள வேண்டிய தசை நீளாமல் கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநார்தான் இழுபடும்.

கண்ணை ஏமாற்றும் ஒன்றையும் கவனிக்க வேண்டும். முன்பாதம் தொங்குவதாலேயே பாதம் முழுவதும் கீழ்நோக்கி இறுகியதுபோலத் தெரியும், உண்மையில் குதிகால் எலும்பு தேவையான அளவு மேல்நோக்கி மடங்கியிருக்கலாம். அங்கே வலிந்து நீட்டினால், இருக்கும் கெண்டைக்கால் பலமும் குறையலாம். பக்கவாட்டில் நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் இது தெரியும்.

விரல்நுனி

கைக்கு ஒரு வார்த்தை, யாரும் தொடாததால். பந்து அமுக்கும் பயிற்சியை முதலில் நிறுத்துங்கள். பந்து வளர்ப்பது முன்கையில் இருந்து வரும் நீண்ட மடக்குத் தசைகளை, அவை இன்னும் தெம்பாகவே இருக்கும். தளர்வது உள்ளங்கைக்குள் இருக்கும் சிறுதசைகள். முன்னவை ஜெயித்தால் விரல்கள் கொக்கிபோல மடங்கும். பதிலாக, விரல்களை அடிமூட்டில் மட்டும் மடக்கி, மற்ற மூட்டுகளை நீட்டி, கை மேசைபோல இருக்கும் நிலையில் பத்து விநாடி பிடிக்கட்டும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள தோல் மடிப்பை மறுகையால் தினமும் விரித்து நீட்டுங்கள். அது சுருங்கிவிட்டால் பாட்டிலைப் பிடிக்க முடியாது. பெருவிரலை எதிரே நிறுத்தும் குட்டை ஸ்ப்ளின்டும், பொத்தான் கொக்கியும், தடித்த பிடியுள்ள பேனாவும் தயக்கமில்லாமல் வாங்கலாம்.

கரையோரம்

எல்லோருக்கும் நன்றி. ஒன்று மட்டும் பாக்கி. நடக்கும்போது சமாளிக்கிறார், ஆனால் வரிசையில் அசையாமல் நிற்பதுதான் கஷ்டம் என்கிறார். இதற்கும் பயிற்சி உண்டா? பலன் கிடைக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அசைவு

இந்த நோயில் அது எதிர்பார்த்ததே. அசையாமல் நிற்கக் கணுக்கால் முன்னும் பின்னும் நொடிக்கு நொடி சின்னச் சின்னத் திருத்தம் செய்ய வேண்டும். அந்தத் தசைகளும் பாதத்தின் உணர்ச்சியும் குறைந்துவிட்டதால், அடியை மாற்றி மாற்றி வைத்துத்தான் சமநிலை பிடிக்க முடிகிறது. விறைப்பான ஏ.எஃப்.ஓ. இங்கே நேரடியாக உதவும். சுவரை ஒரு விரலால் லேசாகத் தொட்டு நின்றாலே ஆட்டம் குறையும், பாதம் தராத தகவலை விரல் தருகிறது. பயிற்சிக்கு, இரண்டு சுவர் சேரும் மூலையில் முதுகு காட்டி நின்று, எதிரே நாற்காலி போட்டு, முதலில் பாதங்களைச் சேர்த்து, அது எளிதானபின் தலையைத் திருப்பி, கடைசியாகக் கண்ணை மூடி, ஒவ்வொன்றும் 30 விநாடி. பக்கத்தில் ஆள் இருக்கட்டும். கண்ணை நம்பியே நிற்கிறவர் என்பதால் இரவில் கழிப்பறை வழியில் விளக்கு எரிய வேண்டும்.

அளவுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்றைக் குறித்து வையுங்கள்: 10 மீட்டர் நடக்கும் நேரம், நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரும் நேரம், குதிகால் எழாமல் முழங்கால் சுவரைத் தொடும்போது கால்விரலுக்கும் சுவருக்கும் இடையே உள்ள அதிகபட்ச தூரம். கடைசியதில் 1 செ.மீ. மாறினால் கணுக்காலில் ஏறக்குறைய 3.6 பாகை மாறியிருக்கிறது. மெதுவாக நகரும் நோய் என்பதால் ஆறு மாதத்தில் எண்கள் அப்படியே இருந்தாலே நல்ல பலன். நடையை மட்டும் ஏ.எஃப்.ஓ. போட்டும் போடாமலும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டையும் கலந்தால் மாறியது காலா கருவியா என்று பிரிக்க முடியாது.