டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தப் பாக்குற ஸ்கேன்) பத்தி கேட்டிருந்தேன்ல, அதுக்கு அப்டேட்

ரெண்டு வாரம் முன்னாடி போட்டிருந்தேன், 32 வாரம் கர்ப்பம், பிபி 160/110, யூரின்ல புரோட்டீன், டாப்ளர்ல தொப்புள்கொடி ரத்த ஓட்டம் சரியில்லன்னுட்டாங்க, குழந்தைக்கு என்ன ஆகும்னு. அடுத்த ஸ்கேன்ல டாக்டர் திரையிலயே காட்டினாங்க, துடிப்புக்குத் துடிப்பு நடுவுல ரத்த ஓட்டத்தக் காட்டுற அலை இறங்கி அடிக்கோட்டையே தொட்டுடுது, அதாவது அந்த நேரத்துல நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போகல, கோட்டுக்குக் கீழயும் போனா ரத்தம் திரும்புதுன்னு அர்த்தம், அது இன்னும் மோசமாம். மூளைக்குப் போற குழாய்ல மட்டும் ஓட்டம் கூடியிருந்துச்சு, நல்லதுதானேன்னு கேட்டேன் (என் அறிவு!), ஆக்சிஜன் பத்தாதப்ப குழந்தை மூளைய காப்பாத்திக்கிற வழியாம் அது.

குழந்தையோட நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டு, தினமும் சிடிஜி (குழந்தையோட இதயத் துடிப்பப் பாக்குற டெஸ்ட்) பாத்து, 33 வாரம் 4 நாள்ல சிசேரியன். 1.4 கிலோ, பொறந்ததும் அழுதான். மூச்சுக்கு ரெண்டு நாள் சிபாப் (மூக்கு வழியா அழுத்தமா காத்து குடுக்குற மெஷின்), இப்ப டியூப்ல பால். எனக்குத்தான் பிபி இன்னும் இறங்கல, மாத்திரை ஓடுது.